மருந்துத் துண்டு: எண்ணிப் பார்த்தால் யார் கோபிப்பார்?

வாசகர் கேள்விகளுக்கு, அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்ற நமது பத்தியாளர் பதில் தருகிறார்.

இம்முறை கடிதங்களில் பெரும்பாலானவை குளிசை குறைந்தது, குளிசை மாறியது என்ற முறைப்பாடுகள்தான். வைத்தியசாலைப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் நானே வெட்டிவிட்டேன். சண்டை பிடிக்க இந்தப் பக்கத்தில் இடம் போதாது. என்ன செய்யலாம் என்று சொல்லவே இடம் மட்டுமட்டு.

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். கிளினிக்கில்தான் மருந்து எடுக்கிறோம். அடுத்த கிளினிக் வருவதற்கு முன்னரே குளிசை முடிந்துவிடுகிறது. சில மாதங்களில் ஒன்றிரண்டு குறையும். போன முறை ஒரு கிழமைக்கே காணாது. கேட்கலாம் என்றால், "சும்மா தருகிற மருந்தை எண்ணிப் பார்த்துக் கேட்பதா, அடுத்த முறை ஏசுவார்கள்" என்று அம்மா தடுக்கிறார். யாராவது குளிசையை எடுக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.
– வாசகி, விசுவமடு

சந்தேகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கலண்டரை எடுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியில் இரண்டு திகதிகள் இருக்கும்: மருந்து எடுத்த நாள், அடுத்து வரவேண்டிய நாள். இடையில் எத்தனை நாள் என்று விரல் வைத்து எண்ணுங்கள். கிளினிக் நடப்பது கிழமைக் கணக்கில். செவ்வாய்க்கிழமை கிளினிக் என்றால் நான்கு கிழமைக்கு 28 நாள், மருந்தும் 28 நாளுக்குத்தான். அந்தச் செவ்வாய் போயா தினமாகவோ வேறு விடுமுறையாகவோ அமைந்தால் திகதி அடுத்த செவ்வாய்க்குப் போய்விடும்; அப்போது 35 நாள். திகதி போடுகிறவர் ஒருவர், மருந்து எழுதுகிறவர் இன்னொருவர் என்றால் அவர் 35 நாளுக்குத் திகதி போட, இவர் கைப்பழக்கத்தில் நான்கு கிழமைக்கு என்று எழுதிவிடுவார். மருந்தாளர் எழுதியிருப்பதை எண்ணித் தருவார். போன முறை உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எண்ணும்போதும் பிழை வரும், அதை மறைக்கவில்லை. பெரிய போத்தலில் இருந்து குளிசைகளைத் தட்டில் கொட்டி, தட்டையான தகடு ஒன்றால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவோம். ஐந்து, பத்து, பதினைந்து என்று வாய் முணுமுணுக்கும். முப்பதில் நிற்கும்போது யன்னலுக்கு வெளியே ஒருவர் "பிள்ளை, என்னுடைய பஸ் போகப்போகிறது" என்று கொப்பியை நீட்டுவார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் முப்பதா முப்பத்தைந்தா என்ற குழப்பம். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை குறைந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சரியாக ஐந்தோ பத்தோ குறைந்தால் எண்ணியவர் ஒரு தள்ளலைத் தவறவிட்டிருப்பார். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று குறைந்தால் கலண்டரைப் பாருங்கள். ஒன்று இரண்டு என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள்தான்: உறையின் மடிப்புக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், போட்டதை மறந்து அம்மா ஒரு நாள் இரண்டு தரம் போட்டிருப்பார். இந்தக் கடைசிக் காரணத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். சீனிக் குளிசையை இரட்டிப்பாகப் போடுவது, ஒரு நாள் போடாமல் விடுவதைவிட மோசம்.

கையிருப்புக் குறைந்தால் வேண்டுமென்றே குறைத்துத் தருவதும் உண்டு. 2022இல் நாடு பட்ட பாட்டில், இரண்டு கிழமைக்குத் தந்துவிட்டு மிச்சத்தை வெளியில் வாங்கச் சொன்ன நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படிக் குறைத்தால் அதைக் கொப்பியில் எழுதித் தரவேண்டும். எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். உறையை அந்த இடத்திலேயே பிரித்து எண்ணினால் மருந்து தந்தவரை அவமதித்ததாகிவிடும் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு கூச்சம். சந்தையில் மீன்காரர் தந்த மிச்சக் காசை அவர் முகத்துக்கு முன்னாலேயே எண்ணுகிறோம், அவர் கோபிக்கிறாரா? சும்மா தருகிற மருந்து என்கிறார் அம்மா. அவர் கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் வரி இருக்கிறது. அந்த வரியில்தான் இந்தக் குளிசையும் வருகிறது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருப்பவர் குறைந்தால் மாலையில் நடந்து போய்க் கேட்பார். நம் பக்கத்தில் கொக்கிளாயில் இருந்தோ பாண்டியன்குளத்தில் இருந்தோ வருபவர் ஐந்து குளிசைக்காக இன்னொரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட முடியுமா? ஆகவே யன்னலை விட்டு நகர முன்னர் எண்ணுங்கள். வரிசையை மறிக்காமல் பக்கத்து வாங்கில் இருந்து எண்ணினால் போதும். குறைந்தால் சத்தம் வேண்டாம். "ஐயா, அடுத்த திகதி 35ஆம் நாள், குளிசை 28 நாளுக்குத்தான் இருக்கிறது" என்று கொப்பியைத் திறந்து காட்டுங்கள். நாளைச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. "குறைவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் "எண்ணித்தான் தந்தேன்" என்பார், நீங்கள் இல்லை என்பீர்கள், பின்னால் நிற்பவர் இரண்டு பேரையும் ஏசுவார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், இருப்பதைப் பாதி பாதியாக உடைத்து நாளை நீட்ட வேண்டாம். கொப்பியோடு பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள்; இடைவெளிக்கு மருந்து கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால் கடையில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வாங்கலாம், அட்டை முழுவதும் வாங்க வேண்டியதில்லை. வலிப்புக் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வாபரின், நீண்ட நாள் எடுக்கும் பிரட்னிசலோன், இருதயத்துக்கும் பிரஷருக்கும் தரும் அட்டனலோல் போன்றவை ஒரு நாளும் அறக்கூடாதவை. இவற்றில் ஒன்று வீட்டில் இருந்தால் கடைசி ஐந்து நாளுக்கான மருந்து மிஞ்சியிருக்கும்போதே எழும்பிப் போங்கள்.

அப்பாவுக்குப் பிரஷர் மட்டும்தான், சீனி இல்லை. கிளினிக்கில் ஒரு குளிசை முடிந்துவிட்டதென்று வெளியில் எழுதித் தந்தார்கள். கடையொன்றில் துண்டைக் கொடுத்து வாங்கிவந்தேன். மறுநாள் காலை அதைப் போட்டார். மத்தியானத்துக்கு முன் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. வைத்தியசாலையில் சீனி இறங்கிவிட்டது என்று சேலைன் ஏற்றினார்கள். உறைக்குள் இருந்தது கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசை. கடைக்காரர், "அன்று சனம் கூட, உறை மாறிவிட்டது. பெரிதாக்க வேண்டாம் தம்பி" என்று காசைத் திருப்பித் தந்தார். அப்பாவும், "நான் தப்பிவிட்டேன்தானே, விடு" என்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

உங்கள் அப்பா தப்பிவிட்டார், சந்தோஷம். உறை மாறிவிட்டது என்று கடைக்காரரே சொல்கிறார். அப்படியானால் உங்கள் அப்பாவின் பிரஷர் குளிசை யார் வீட்டில் இருக்கிறது? எங்கோ ஒரு சீனி வருத்தக்காரர் தன் குளிசை என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சீனி ஏறிக்கொண்டிருக்கும், பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும். எழும்பும்போது தலை சுற்றி விழுந்தால் வயது என்பார்கள். கடைக்காரர் உங்களுக்குக் காசைத் தந்தாரே, அந்த ஆளைத் தேடினாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்றைக்கே போய் முதலில் இதைக் கேளுங்கள். அன்று எழுதிய பற்றுச்சீட்டு, துண்டில் இருந்த கிளினிக், வழக்கமாக வரும் முகம் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துத் தேடலாம். சிறிய ஊர்களில் இது முடியாத காரியம் இல்லை. தேடியிருந்தால் அவரை நான் மதிக்கிறேன், பாதி கோபம் ஆறிவிடும். தேடவில்லை என்றால் மேலே வாசியுங்கள்.

உறை, மிஞ்சிய குளிசை, பற்றுச்சீட்டு, வைத்தியர் எழுதிய துண்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். கடைக்காரர் "தாருங்கள், மாற்றித் தருகிறேன்" என்று உறையை வாங்கிவிட்டிருந்தால், கையில் இருப்பதையாவது படம் பிடித்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டை முக்கியம். சீனி எவ்வளவுக்கு இறங்கியது என்பது அதில் இருக்கும். மருந்துக்கடைகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தில் நடப்பவை. கொழும்புக்கு எழுத முன்னர் மாவட்டத்திலேயே ஒருவர் இருக்கிறார்: உணவு மற்றும் மருந்துப் பரிசோதகர். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் விசாரித்தால் அவரிடம் அனுப்புவார்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திகதி, நேரம், துண்டில் எழுதியிருந்த மருந்து, தந்த மருந்து, நடந்தது, இப்போது கையில் இருக்கும் சான்று. "மனிதாபிமானமற்ற", "காசாசை பிடித்த" போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். அவை உங்கள் கடிதத்தைச் சண்டைக் கடிதமாக்கி, கீழே தள்ளிவிடும். பற்றுச்சீட்டுத் தர மறுத்தது, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றது போன்ற முறைப்பாடுகள் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குரியவை. அதற்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. முகநூலில் கடையின் படத்தைப் போடுவது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். போட்டால் இரண்டு நாளைக்கு எல்லோரும் திட்டுவார்கள்; பரிசோதகர் வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பது நடக்காது.

சீனி இறங்குவதைப் பற்றி எல்லா வாசகர்களுக்கும் ஒன்று. வியர்வை, நடுக்கம், குழறல் வந்தவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். நினைவில்லாதவரின் வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையால் இறங்கிய சீனி, தேநீர் குடித்து எழும்பி இருந்த பிறகும் சில மணித்தியாலத்தில் திரும்ப இறங்கும். ஆகவே தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. நீங்கள் கொண்டு ஓடியது மிகச் சரி.

அம்மம்மாவுக்கு மூட்டு வாதம். மெதொட்ரெக்சேட் என்ற சிறிய மஞ்சள் குளிசை. இம்முறை உறையில் "மூன்று குளிசை, இரவு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. தினமும் கொடுப்பதா? நான்கு நாளாகக் கொடுக்கிறேன். வாயில் புண் வந்திருக்கிறது.
– வாசகி, முள்ளியவளை

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இதழ் வரும்வரை காத்திராமல் ஆசிரியர் இவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூட்டு வாதத்துக்குத் தரும் மெதொட்ரெக்சேட் கிழமையில் ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தினமும் போட்டால் எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாவது தடைப்படும். வாய்ப்புண், காய்ச்சல், இரத்தக் கசிவு என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. மருந்தை நிறுத்திவிட்டு, உறையோடு அப்போதே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இதிலே இன்னொரு பொறியும் இருக்கிறது. மெதொட்ரெக்சேட் எடுப்பவருக்கு ஃபோலிக் அமிலக் குளிசையும் தருவார்கள். அதுவும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் குளிசைதான். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொட்டாதீர்கள். மெதொட்ரெக்சேட் உறையில் "திங்கட்கிழமை மட்டும்" என்பதுபோல நாளின் பெயரைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். "கிழமைக்கு ஒரு முறை" என்பதுகூடப் போதாது. எந்த நாள் என்று எழுதவேண்டும்.

கிளினிக்கில் தரும் ஒரே குளிசை ஒரு மாதம் வெள்ளை வட்டம், அடுத்த மாதம் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த மாதம் நீளம். பெயர் கேட்டால் அதுதான் என்கிறார்கள். போலி மருந்தா?
– வாசகர், மாங்குளம்

பெரும்பாலும் இல்லை. அரச வைத்தியசாலைகளுக்கு மருந்து கேள்விப்பத்திரம் கோரித்தான் வாங்கப்படுகிறது. இம்முறை ஒரு கம்பனி, அடுத்த முறை வேறு நாட்டுக் கம்பனி. பிரஷருக்குத் தரும் லொசாட்டன் 50 மில்லிகிராம் என்றால் யார் செய்தாலும் உள்ளே இருப்பது அதுவே; சாயமும் அச்சும் அவரவர் விருப்பம். மருந்தை வியாபாரப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய தலைமையில்தான் தொடங்கியது. இன்று நீங்கள் ஒரு சதமும் கொடுக்காமல் பிரஷர் குளிசை எடுப்பதில் அந்த மனிதரின் பங்கு பெரிது.

நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணும் பழக்கம் எங்களுக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். 1990களில் வன்னிக்குள் மருந்து வருவதே பெரும்பாடு. ஒருவர் வீட்டுக் குளிசையை அயலவர் கேட்டு வாங்குவார். "அந்த மஞ்சளில் இரண்டு தா" என்பதே மொழி. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றும் அதே பழக்கத்தில் மூட்டு வலிக்கு அடுத்த வீட்டு மஞ்சளைக் கேட்டு வாங்குபவர், மேலே முள்ளியவளைக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கவும்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கிளினிக்கில் லொசாட்டன் தருகிறார்கள். இடையில் தலையிடிக்குத் தனியார் வைத்தியரிடம் போகிறீர்கள். அவர் அதே லொசாட்டனை வேறொரு வியாபாரப் பெயரில் எழுதுகிறார். நிறமும் பெயரும் வேறு என்பதால் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுவீர்கள். எங்கே போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டு, அதன் கீழே சிறிதாக இருக்கும் பெயரைப் படியுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். தூளாக உதிரும் குளிசை, ஈரம் பிடித்த அட்டை, திகதி முடிந்தது என்பவற்றை எறியாமல் மருந்தாளரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அநுராதபுரத்தில் பரிசோதனைக்குப் போய் மருந்து எடுத்தோம். உறையில் எழுதியிருப்பது எல்லாம் சிங்களம்.
– வாசகர், செட்டிகுளம்

இலக்கத்துக்கு மொழி கிடையாது. காலை, பகல், இரவு என்று மூன்று கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று அங்கேயே போடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதைக் கையால் காட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். வந்துவிட்டீர்கள் என்றால் வவுனியாவிலோ செட்டிகுளத்திலோ அரச வைத்தியசாலை மருந்தாளரிடம் காட்டுங்கள், தமிழில் எழுதித் தருவார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். அவருக்குச் சிங்களம் தெரியும், மருந்து தெரியாது.

மகளுக்கு ஒரு வயது, 10 கிலோ. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி வாங்கினேன். கடையில் "ஒரு கரண்டி" என்றார்கள். வீட்டில் பழைய போத்தல் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– வாசகி, மல்லாவி

ஒன்றாக இல்லாமலும் இருக்கலாம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறதா, 250 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்றால் உங்கள் மகளுக்கு 150. முதல் போத்தலில் அது 6 மில்லிலீற்றருக்குச் சற்று மேல்; இரண்டாவதில் 3 மில்லிலீற்றர்தான். அதைத் தெரியாமல் ஊற்றினால் இரட்டிப்பு. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், இடையில் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் விடுங்கள். "கரண்டி" என்று சொன்னவர் எந்தக் கரண்டியைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள், விலை சொற்பம். பழைய போத்தல் திறந்து எத்தனை மாதம் என்று நினைவில்லை என்றால் வீசிவிடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் பாணியை நம்பி இருக்க வேண்டாம். இது டெங்கு நாடு.

நான் உயர்தரம் முடித்துவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். அனுமதிப்பத்திரத்தில் பெயர் உள்ள மருந்தாளர் பின்னேரம்தான் வருவார். முதலாளி பகலில் என்னைத் தனியே விட்டுப் போகிறார். வைத்தியர்களின் எழுத்துச் சிலது விளங்குவதில்லை. தாமதித்தால் சனம் ஏசுகிறது. பிழை விட்டுவிடுவேனோ என்று இரவில் நித்திரை வருவதில்லை.
– பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பிள்ளை, மேலே ஒட்டுசுட்டான் தம்பிக்கு எழுதியதை வாசித்திருப்பீர். அந்தக் கடையிலும் உம்மைப் போல ஒரு பிள்ளை தனியே நின்றிருக்கக்கூடும். பயப்படுவது நல்லது, பயம் இல்லாமல் துண்டு வாசிப்பவரிடம்தான் நான் மருந்து வாங்கமாட்டேன்.

சட்டம் தெளிவானது. இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வை இல்லாமல் துண்டுக்கு மருந்து கொடுக்கக்கூடாது. சான்றிதழைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு ஆள் வேறெங்கோ இருப்பது நாடு முழுவதும் நடக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. பிழை நடந்தால் முதலாளி, "பிள்ளைதான் கொடுத்தது" என்பார். ஆகவே அவரிடம் வாயால் சொல்லும்: மருந்தாளர் இல்லாத நேரத்தில் துண்டுக்கு மருந்து எடுக்கமாட்டேன், சோப்பு, பால்மா, பன்டேஜ் விற்கிறேன் என்று. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. மருந்தாளர் தொலைபேசியிலாவது துண்டின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நடைமுறையைக் கேட்டுப் பாரும். அது சட்டத்தை நிறைவேற்றாது, ஆனால் கண் இரண்டு நான்காகும்.

எழுத்து விளங்காவிட்டால் ஊகிக்கக்கூடாது என்பதற்கு 1989இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. வைத்தியர் எழுதியது அமோக்சில் என்ற அன்டிபயோட்டிக். கடையில் வாசித்தது டயோனில், அதாவது கிளிபென்கிளமைட். சீனி வருத்தமே இல்லாத அந்த மனிதருக்கு மூளை பாதிக்கப்பட்டது. எழுத்து மோசம் என்று வைத்தியர் மீது 25 வீதப் பொறுப்பு. மருந்து கொடுத்த பக்கத்தின் மீது 75 வீதம். துண்டில் 250 மில்லிகிராம் என்று இருந்தது. டயோனில் அந்த அளவில் வருவதில்லை. நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாளைக்கு என்று இருந்தது; சீனிக் குளிசையை யாரும் ஏழு நாளைக்கு மட்டும் எழுதமாட்டார். அந்த நாட்டில் சீனி வருத்தக்காரர் மருந்துக்குக் காசு கட்டுவதில்லை, இவர் கட்டினார். துண்டைச் சுற்றியிருந்த அத்தனையும் கத்திக்கொண்டிருந்தன, கேட்க ஆள் இல்லை.

ஆகவே பெயரோடு அளவையும் நாளையும் சேர்த்து வாசியும். பிறகு வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இது என்ன வருத்தத்துக்கு, யாருக்கு?" "தடிமனுக்கு, எனக்குத்தான்" என்று அவர் சொல்லும்போது உம்முடைய கையில் குளோர்பெனிரமினுக்குப் பதில் மனநோய்க்குத் தரும் குளோர்புரோமசின் இருந்தால் அந்த இடத்திலேயே பிடிபடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபினும் தைரொய்டுக்குத் தரும் கார்பிமசோலும் இப்படித்தான். இந்தச் சோடிகளை அலுமாரியில் அகர வரிசைக்காகப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு வேறு தட்டில் வையும். முதலாளி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லும். எடுத்துக் கொடுக்கும்போது நோயாளியின் பெயரை உறையில் எழுதி, சத்தமாகக் கூப்பிட்டுக் கொடும். ஒரு நேரத்தில் ஒருவருடைய துண்டு மட்டும் மேசையில் இருக்கட்டும்.

விளங்காத துண்டு வந்தால், "மருந்தாளர் பின்னேரம் வருவார், அப்போது வாருங்கள், அவசரம் என்றால் எழுதிய இடத்திலேயே கேட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பும். ஏசுவார்கள், ஏசட்டும். முதலாளி என்ன சொன்னார் என்று அடுத்த மாதம் எனக்கு எழுதும். தாதியர் கல்லூரிக்கோ மருந்தாளர் பயிற்சிக்கோ விண்ணப்பம் கோரும்போது வர்த்தமானியைப் பார்க்கிறீரா என்பதையும் அதில் சேர்த்து எழுதும்.